மொட்டை மாடியில் கிரில், ஸ்மோக்கர்: அடியில் தரையைக் காப்பது எப்படி?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு மாடியில் கரி கிரில் வைத்திருப்பவர்களும் கட்டட வேலை தெரிந்தவர்களும் கொஞ்சம் உதவ வேண்டும். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

எங்களுடையது அப்பா காலத்து வீடு. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்த மாடி. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு தட்டோட்டு இணைப்புகளில் விரிசல் விட்டு ஓதம் இறங்க ஆரம்பித்தது. சிமெண்ட் பால் ஊற்றிப் பார்த்தோம், நிற்கவில்லை. கடைசியாக 2024 கோடையில்தான் நல்ல செலவு செய்து, ரப்பர் போல இழுபடும் வெள்ளைக் கோட்டிங் மூன்று கை அடித்தோம். மாடி முழுக்கப் பளிச்சென்று ஆகிவிட்டது. பகலில் வெறுங்காலில் நடக்கலாம். அம்மா அங்கேயே வடகம் காய வைத்தார்.

ஜூனில் மச்சான் குவைத்திலிருந்து வரும்போது மூடி போட்ட உருண்டைக் கரி கிரில் ஒன்றைக் கொண்டு வந்தார். காலையிலேயே முதுநகர் துறைமுகத்துக்குப் போய்க் கொடுவாவோ சங்கராவோ வாங்கி வந்து, மாலையில் காற்று தணிந்ததும் மாடியில் சுடுவோம். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு ஆசை. கிரிலின் கால்கள் குட்டை. சாம்பல் தட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். மீன் எண்ணெய் சொட்டக் கூடாதென்று அடியில் அலுமினியத் தாளை இரண்டாக மடித்து விரித்தேன். அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாறு ஞாயிறு போயிருக்கும். ஒரு நாள் கூட்டும்போது துடைப்பம் எதிலோ தட்டியது. குனிந்து பார்த்தால், கிரில் நிற்கிற இடத்தில் கோட்டிங் அப்பளம் போல உப்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே காற்று. நகத்தால் கிளறியதும் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது, அடிப்பக்கத்தில் தட்டோட்டின் செந்தூள் ஒட்டியிருந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் மழை கொட்டியபோது சரியாக அந்த இடத்துக்குக் கீழே படுக்கை அறையில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு இரவு வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கோட்டிங் அடித்தவர்களைக் கேட்டால், நெருப்பு வைத்த இடத்துக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு நடுவில் மச்சான் ஒரு இரும்பு டிரம்மை வெட்டி, இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் ஸ்மோக்கர் செய்யலாம் என்கிறார். அது எட்டு மணி நேரம் விடாமல் எரியும். எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. இணையத்தில் விற்கிற கிரில் மேட் போட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

வாட்டம் (செம்மண்டலம், கடலூர்) எழுதியது:

கட்டடப் பொறியாளராக இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கோட்டிங் சூட்டில் இளகியது என்பது பாதிக் கதைதான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம் பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே ரப்பர்த் தோல் மூடிவிட்டால் அந்த ஈரம் மேல்வழியாக வெளியேற முடியாது. நீங்கள் கரி போட்டதும் அந்த இடம் மட்டும் சூடேறி உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். மேலே கோட்டிங் இளகியிருக்கிறது, அடியிலிருந்து ஆவி தள்ளுகிறது. அப்பளமாக உப்பாமல் என்ன செய்யும்?

வெறும் சிமெண்ட் தரையிலும் நடப்பது இதுதான். போர்டிகோவில் நேரடியாக விறகு எரித்தால் டப்பென்று சில்லு தெறிக்குமே, அதுவும் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தின் வேலைதான்.

அலுமினியத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான உலோகம் கதிராக வரும் சூட்டைத் திருப்பி அனுப்பும், உண்மை. ஆனால் எண்ணெயும் சாம்பலும் படிந்ததும் அந்தப் பளபளப்பு போய்விடும். அப்புறம் அது தரையோடு ஒட்டிக் கிடந்தது. வாங்கிய சூட்டை அப்படியே கீழே கொடுத்திருக்கும். அதே தாளைத் தரையிலிருந்து நாலு விரல் தூக்கி வைத்திருந்தால் கதையே வேறு. அடுப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தகடு, அந்தத் தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஓடும் காற்று. எதை வாங்கினாலும் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

மாடிக்கல்லடுப்பு (முத்தியால்பேட்டை, புதுச்சேரி) எழுதியது:

நான் சமையல்காரன். மாடியில் இயங்கும் ஒரு உணவகத்தில் கிரில் பக்கம் மூன்று வருடம் நின்றிருக்கிறேன். மேட் பற்றி நான் சொல்ல முடியும்.

நல்ல மேட் என்றால் கண்ணாடி இழைத் துணியில் சிலிகான் பூசியது. அது எண்ணெயைப் பிடிக்கும், விழும் கங்கைத் தாங்கும். அந்த இரண்டுக்கும் அதைவிட வசதியான பொருள் இல்லை, மடித்து எடுத்துப் போய்க் கழுவலாம். ஆனால் சூட்டைத் தடுக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது ஒரு துணி, அவ்வளவு கனம்தான். இரவு பதினோரு மணிக்குக் கரி முழுக்கத் தணலாக இருக்கும்போது மேட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் கை வைத்திருக்கிறேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, அதை விரித்தபடியே விட்டுவிடக் கூடாது. மழை பெய்தால் அடியில் தண்ணீர் நின்றுவிடும். எங்களிடம் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்தது. ஜனவரியில் எடுத்தபோது அடியில் இருந்த டைல்ஸ் முழுக்கக் கரும்பூஞ்சை, இணைப்புக் கலவை மாவாகிவிட்டது. வேலை முடிந்ததும் எடுத்துக் கழுவிக் கொடியில் போடுங்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட்டு அதில்தான் கிரில் வைக்கிறார்கள். அவர்களுக்குப் பயம் மரம் தீப்பிடிப்பது. அதற்கென்று வந்த பொருள்தான் இந்த மேட். நமக்குப் பயம் ஒழுகல். பிரச்சினை வேறு, அதனால் மருந்தும் வேறு.

தேவனாம்பட்டினம் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் போட்டு மேலே இரண்டு அங்குலம் கடல் மணல் கொட்டி வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை.

வாட்டம் எழுதியது:

அண்ணே, தயவு செய்து அந்த ஷீட்டை இன்றே எடுத்துவிடுங்கள். உரிமையோடு சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கூரை மேல் உடையாமல் கிடக்கும்போது ஆபத்து குறைவு. நீங்கள் அதை நெருப்புக்கு அடியில் போட்டு, மேலே நடந்து, உடைத்து வைத்திருக்கிறீர்கள். சூடேறினால் அந்த ஷீட் பட்டாசு போல வெடித்துத் தெறிக்கும். குடிசை தீப்பிடித்த இடத்தில் நின்றவர்களைக் கேளுங்கள், அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். தெறிக்கிற தூள் நேராக மூச்சில் போகும். எடுக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், முகக்கவசம் போட்டு, பாலிதீனில் சுற்றி எடுங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம். குழந்தைகளைக் கீழேயே இருக்கச் சொல்லுங்கள்.

கடல் மணலும் வேண்டாம். மணல் சூட்டைத் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடல் மணலில் உப்பு இருக்கிறது. மழையில் உப்பு கரைந்து விரிசல் வழியாகக் கான்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கும். கம்பி துருப்பிடித்தால் பருமனாகி அடிக் கான்கிரீட்டை உதிர்க்கும். நம் கடற்கரை வீடுகளில் கூரை பெயர்ந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேவனாம்பட்டினம் எழுதியது:

சரி தம்பி. உப்பு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஷீட்டை நீங்கள் சொன்னபடியே எடுத்துவிடுகிறேன்.

செம்மண் சாலை (ஆரோவில் பக்கம்) எழுதியது:

எங்கள் வீட்டில் கான்கிரீட் இல்லை, மரத்தளம். அதனால் என் அனுபவம் கொஞ்சம் வேறு. ஸ்மோக்கர் பற்றிக் கேட்டிருந்தார் அல்லவா, அதற்காகவே எழுதுகிறேன்.

ஸ்மோக்கரில் இறைச்சி இருக்கும் அறையின் சூடு 110 முதல் 130 டிகிரிதான் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு, கிரிலைவிடச் சாது என்று நினைத்துவிடுவோம். நானும் நினைத்தேன். பக்கவாட்டில் விறகு எரிகிற பெட்டி ஒன்று இருக்கிறதே, அதன் அடித்தகடு பல நூறு டிகிரி போகும். அது அரை மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரமும் இல்லை, நாள் முழுக்க. கிரிலில் மீன் இருபது நிமிடம். ஸ்மோக்கரில் ஆட்டுத் தொடை ஏழு மணி நேரம். தரைக்கு எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு.

எங்கள் தளத்தில் அந்த விறகுப் பெட்டிக்கு நேர் கீழே இருந்த பலகை மூன்றாவது மாதத்தில் பழுப்பானது. அப்புறம் காப்பித்தூள் நிறம். ஒரு நாள் கத்தி முனையால் குத்திப் பார்த்தேன், கால் அங்குலம் கரியாகவே உள்ளே போனது. மரம் பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பார்கள். ஆனால் பல நாள் தொடர்ந்து வாட்டினால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மரம் மெல்லக் கரியாகும், அப்படிக் கரியான மரம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நல்லவேளை, அதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

இப்போது விறகுப் பெட்டியின் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்குக் கீழே, பலகையின் மேல், அழுத்திய மண் கற்கள். எங்கள் பக்கம் அந்தக் கல் எளிதாகக் கிடைக்கும். கற்களைப் பலகையோடு ஒட்ட வைக்காமல் நடுவில் இடுக்கு விட்டு அடுக்கியிருக்கிறேன்.

மரம் போலவே இருக்கும் பிளாஸ்டிக் கலந்த பலகைகளை இப்போது நிறையப் பேர் பால்கனியில் போடுகிறார்கள். அதில் கிரில் வைக்கவே வைக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் 130 டிகிரியை ஒட்டி உருகும் ரகம், பி.வி.சி. கலந்தது என்றால் 80 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். செயற்கைப் புல்லும் அப்படியே. ஒரே ஒரு கங்கு விழுந்தால் கருகிய ஓட்டை, அதை ஒட்டுப் போட வழியே இல்லை.

மெட்ராஸ் டெரஸ் (புதுச்சேரி) எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். புல்வார் பகுதியில் பழைய வீட்டு மாடிகளில் விருந்து என்று அடுப்பு வைப்பது இப்போது கூடிக்கொண்டே வருகிறது. அந்த வீடுகளைப் பழுது பார்க்கிற வேலையில் இருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த மாடிகளில் பலவற்றில் கான்கிரீட்டே கிடையாது. தேக்கு உத்தரம், அதன் மேல் வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் பூட்டியது. அதற்கும் மேல்தான் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும். அதாவது உங்கள் அடுப்புக்கு ஓரடி கீழே நூறு வருடத்துக்கும் மேல் காய்ந்த தேக்கு இருக்கிறது. சுண்ணாம்புத் தளம் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் எண்ணெய் அதில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. விரிசல் வழியாகத் தண்ணீர் போனால் முதலில் மக்குவது உத்தரத்தின் முனை, சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி. அது வெளியே தெரியாது. ஒரு நாள் சட்டம் தாழ்ந்த பிறகுதான் தெரியும்.

இந்த வகை மாடியில் கனமான அடுப்பும் வேண்டாம், எட்டு மணி நேர ஸ்மோக்கரும் வேண்டாம். கீழே முற்றத்தில் வையுங்கள். முற்றத்திலும் ஆத்தங்குடிக் கல்லோ சிவப்பு ஆக்ஸைடு தரையோ இருந்தால் அதை விட்டுத் தள்ளி. இரண்டுமே எண்ணெயைக் குடித்துவிடும்.

கெடிலக்கரை எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், மிக்க நன்றி. எங்களுடையது கான்கிரீட் தளம்தான், உத்தரம் இல்லை. சரி, நேரடியாகக் கேட்கிறேன். கொத்தனார் ஒருவர், செங்கல்லால் நாலடிக்கு நாலடி மேடை கட்டி மேலே கடப்பைக்கல் போட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா?

வாட்டம் எழுதியது:

இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்பேன்.

முதலில் எடை. ஆள் ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியத் தரக் குறியீட்டில் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ என்றுதான் சுமைக் கணக்கு. செங்கல்லைப் படுக்கையாக ஒரு வரி பரப்பினாலே சதுர மீட்டருக்கு 130 கிலோவைத் தாண்டும். 60 மில்லிமீட்டர் கனப் பேவர் பிளாக்கும் ஏறக்குறைய 140 கிலோ. அதற்கு மேல் கல், கிரில், சுற்றி நிற்கும் நாலு பேர். ஒரு சின்ன இடத்தில் இருப்பதால் உடனே ஒன்றும் இடிந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே ஒழுகிய பழைய தளத்தின் நட்ட நடுவில் இதை நிரந்தரமாக ஏற்றிவைக்க என் மனம் ஒப்பவில்லை. எதை வைத்தாலும் சுவருக்கு மேலோ பீமுக்கு மேலோ வருகிற மாதிரி வையுங்கள்.

இரண்டாவது, கடப்பைக்கல். அது சுண்ணாம்புக்கல் இனம். படர்ந்த சூட்டில் ஏடு ஏடாகப் பெயரும், சூடான கல் மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். எலுமிச்சையும் தயிரும் ஊறிய மசாலா சொட்டினால் பாலிஷ் போய் வெள்ளைத் தடம் விழும்.

நான் செய்யச் சொல்வது இதுதான். ஏ.ஏ.சி. பிளாக் என்று வெள்ளையாக, லேசாக ஒரு கல் வருகிறதே, நாலு அங்குல கனத்தில் அதை வாங்குங்கள். கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோதான். உள்ளே முழுக்கக் காற்று நுரை, அதனால் சூட்டை எளிதில் கடத்தாது, தீயும் பிடிக்காது. கற்களை மாடியின் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) எந்தப் பக்கமோ அந்தத் திசையிலேயே வரிசையாக, வரிசைக்கு வரிசை மூன்று விரல் இடம் விட்டு வையுங்கள். குறுக்கே வைத்தால் மழைத் தண்ணீர் அணை கட்டினது போல நிற்கும். கல்லுக்கு அடியில் ஜியோ டெக்ஸ்டைல் (தண்ணீரை விடும் செயற்கை இழைத் துணி) துண்டு போடுங்கள், இல்லையென்றால் கல் முனை கோட்டிங்கைச் சுரண்டும். சிமெண்ட் போட்டுப் பூச வேண்டாம், சும்மா வைத்தால் போதும். மழைக்காலத்தில் எடுத்து அடுக்கிவிடலாம். அந்தக் கல் தண்ணீரைக் குடிக்கும், நனைந்ததைக் காயாமல் நெருப்புக்கு அடியில் வைக்காதீர்கள்.

அதன் மேல் காய்ந்த தட்டோடு ஒரு வரி பரப்புங்கள். கல் நொறுங்காமல், எண்ணெய் குடிக்காமல் அது பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, ஓரம் மடித்த ஸ்டெயின்லெஸ் தட்டு. கடற்காற்றில் 202 ரகம் ஒரே வருடத்தில் புள்ளி விடும், 304 கேட்டு வாங்குங்கள். கிரில் அந்தத் தட்டில் நிற்கட்டும். கிரில் நிற்கும் இடத்தைவிட நாலா பக்கமும் ஓரடியாவது இது நீண்டிருக்க வேண்டும். முன்பக்கம் இரண்டடி நல்லது, மூடி திறக்கும்போது கங்கு அங்கேதான் விழும்.

கேஸ் கிரில் வைத்திருப்பவர்களுக்கும் இதே மேடை போதும். சிலிண்டரை மட்டும் அடியில் தள்ளாமல் பக்கத்தில், ரப்பர் குழாய் சூடுபடாத தூரத்தில் வையுங்கள்.

முந்திரிக்காடு (பண்ருட்டி) எழுதியது:

பொறியாளர் சார் அருமையாகச் சொல்லிவிட்டார். நான் சாம்பலையும் கறையையும் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் விறகடுப்பு இன்னும் எரிகிறது.

மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்திருந்தால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மறுநாள் காலையில் கிளறினாலும் உள்ளே கங்கு சிவப்பாக இருக்கும். அதைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, வாளி உருகி, தரையும் கருகிய வீடு எனக்குத் தெரியும். மூடி போட்ட தகர டின்னில் கொட்டி இரண்டு நாள் கழித்து எடுங்கள். தென்னை மரத்தடியில் போட்டால் சாம்பல் சத்து வீணாகாது. மாடியிலேயே விட்டுவைத்து மழை பட்டால் சாம்பல் காரமாகும், அலுமினியத் தட்டைக்கூட ஓட்டை போட்டுவிடும்.

நம் ஊரில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இலிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம். மாடியில் சிந்திய கொழுப்பும் சாம்பலும் முதல் மழையில் குழாய் வழியாக நேராகக் கிணற்றுக்கோ தொட்டிக்கோதான் போகும். குழாய் வாயிலிருந்து எட்டிய இடத்தில் அடுப்பை வையுங்கள், குழாய் பக்கம் வாட்டம் ஓடும் வழியிலும் வேண்டாம். இதை யாரும் இதுவரை சொல்லவில்லை என்பதால்தான் எழுத வந்தேன். நாம் குடிக்கிற தண்ணீர் அது.

எண்ணெய் சிந்திவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். ஒரு கை தவிடு போட்டு மூடுங்கள், பத்து நிமிடத்தில் குடித்துவிடும். பழைய கறைக்கு முல்தானி மட்டியைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறை மேல் அரை அங்குலம் அப்பி, பாலிதீன் போட்டு ஒரு இரவு மூடி வையுங்கள். மறுநாள் பாலிதீனை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். மண் மஞ்சளாக வரும், அதுதான் உள்ளே போன எண்ணெய். ஒரே தடவையில் போகாது, மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். கோட்டிங் அடித்த மாடியில் பெட்ரோலோ தின்னரோ தொடவே கூடாது, கோட்டிங்கே கரைந்துவிடும்.

எங்கள் ஊர்க்காரியாக ஒன்று: முந்திரிக் கொட்டை ஓட்டை ஸ்மோக்கரில் போடாதீர்கள். அதில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் அப்படித்தான். கொட்டாங்குச்சிக் கரி நல்லது. சவுக்கு விறகு என்றால் நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள், ஈரமிருந்தால் பொறி பறக்கும்.

சவுக்குத்தோப்பு (அரியாங்குப்பம்) எழுதியது:

பொறி என்றதும் ஞாபகம் வந்தது. கடலோரத்தில் மாலை நாலு மணிக்குக் கடற்காற்று நன்றாக வீசும். பொறி நம் தரையில் விழாது, மேற்கே பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகையில்தான் போய் விழும். பல மாடிகளில் வெயிலுக்குக் கீற்றுப் பந்தல் போட்டிருக்கிறார்கள். பந்தலுக்கு அடியில் கிரில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. அமெரிக்காவில் வீட்டிலிருந்து பத்தடி தள்ளி வைக்கச் சொல்வார்கள், அங்கே சுவர் மரம். இங்கே கீற்று இருந்தால் அதைவிடத் தள்ளியே இருக்க வேண்டும். காற்று அடங்கிய பிறகு மூட்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மண்ணும் இருக்கட்டும். மழை வருகிறதென்று தணலோடு வீட்டுக்குள் இழுத்துப் போகவும் கூடாது. கரிப்புகையின் நஞ்சுக்கு வாசனை கிடையாது.

கெடிலக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

செய்து பார்த்துவிட்டேன், விவரம் சொல்கிறேன்.

எட்டு ஏ.ஏ.சி. கல், 30 தட்டோடு, நெல்லிக்குப்பம் சாலையில் தகட்டு வேலை செய்பவரிடம் ஓரம் மடித்த 304 தட்டு. இடம் மாற்றி, மாடிப்படிச் சுவருக்கு நேர் மேலே வைத்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்தும் மழைநீர்க் குழாயிலிருந்தும் தள்ளியே இருக்கிறது. தொடாமல் சூடு பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கினேன். மனம் அப்போதுதான் அடங்கும் போலிருந்தது.

முதலில் தட்டு மட்டும் செங்கல் துண்டுகளின் மேல். முக்கால் மணி நேரம் கரி எரிந்த பிறகு தட்டின் மேல் 140 டிகிரி காட்டியது. மறுவாரம் முழு அடுக்கோடு வைத்தேன். தட்டில் அதே சூடு, தட்டோட்டில் 70, கல்லுக்கு அடியில் தரையில் 34. மாடியின் மற்ற இடத்திலும் அதே 34தான். மூன்று தடவை குனிந்து பார்த்தேன். மச்சானும் அவர் பங்குக்குப் பார்த்தார்.

ஸ்மோக்கர் மாடியில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கீழே கொல்லையில் மண் தரையில்தான். விறகுப் பெட்டிக்கு அடியில் தகடு தொங்கவிடும் யோசனையை மச்சான் அப்படியே எடுத்துக்கொண்டார்.

உரிந்த கோட்டிங்கை என்ன செய்வது, சார்? மேஸ்திரி உடனே ஒட்டுப் போட்டுவிடலாம் என்கிறார்.

வாட்டம் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. ஒட்டுப் போட அவசரப்படாதீர்கள். ஃபெஞ்சலில் இறங்கிய தண்ணீர் ஜல்லித் தளத்தில் இன்னும் இருக்கலாம். அதை மூடினால் இந்தத் தடவை கிரில் இல்லாமலே, கத்திரி வெயிலில் உப்பிவிடும். உப்பிய இடத்தை ஒட்டியிருக்கும் நல்ல பகுதி வரை வெட்டி எடுத்து, வெயிலில் திறந்து விடுங்கள். பத்து நாள் கழித்து ஒரு தெளிவான பாலிதீன் துண்டை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்கவில்லை என்றால் பிரைமர் அடித்து, வலைத்துணி வைத்து, இரண்டு கை கோட்டிங்.

கெடிலக்கரை எழுதியது:

போன வாரம் ஒட்டிப் பார்த்தேன் சார், உள்ளே முத்து முத்தாக வியர்த்திருந்தது. மறுபடியும் திறந்து விட்டேன். நேற்று மாலை இன்னொரு துண்டு ஒட்டினேன். இன்று மாலை எடுத்துப் பார்த்தபோது பாலிதீன் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. அடியில் தட்டோடு வெளுத்துப்போன சிவப்பு. வியாழக்கிழமை மேஸ்திரி வருகிறார், வலைத்துணி வாங்கி வைத்துவிட்டேன்.